டிகிரி இல்லாம, கோர்ஸ் இல்லாம வெப் டெவலப்பர் போர்ட்ஃபோலியோ கட்டுறது எப்படி: ஒரு பால் கணக்கு ஆப்ப வெச்சு முழு வழிகாட்டி

என்னோட மொத போர்ட்ஃபோலியோல, அதாவது வேலை தேடறப்ப காமிக்கற ப்ராஜெக்ட் தொகுப்புல, 11 ப்ராஜெக்ட் இருந்துச்சு. டு-டு லிஸ்ட், வெதர் ஆப், கால்குலேட்டர், நெட்ஃபிளிக்ஸ் மாதிரியே ஒரு பேஜ், இன்னும் என்னென்னவோ, எல்லாமே யூடியூப்ல ஒருத்தர் அடிக்க அடிக்க பாத்து அடிச்சது. ஆறு மாசம் எல்லா இடத்துக்கும் அனுப்பினேன், ஒரே ஒரு இன்டர்வியூ வந்துச்சு. அதுலயும் எதிர்ல உக்காந்திருந்தவர் வெதர் ஆப்ப தொறந்து 'ஊர் பேர தப்பா அடிச்சா என்னாகும்?'னு கேட்டார். நான் அடிச்சு பாத்ததே இல்ல. அவரே அடிச்சார். வெள்ளை ஸ்க்ரீன். அடுத்து அவர் கேட்ட கேள்வி தான் இன்னும் காதுல இருக்கு, 'இத யாராவது யூஸ் பண்றாங்களா?'

நான் படிச்சது பி.காம், பொள்ளாச்சி பக்கம் ஒரு கிராமம், நெட்ல ஃப்ரீயா கோடிங் கத்துக்குடுக்கற ஃப்ரீகோட்கேம்ப் சைட்ல ஆரம்பிச்சு, அதே மாதிரி தி ஓடின் ப்ராஜெக்ட்ல பாதி வரைக்கும் போய் கத்துக்கிட்டவன். இப்ப வேலைல இருக்கேன். அந்த வேலை வாங்கிக் குடுத்தது அந்த 11ல ஒண்ணு கூட இல்ல, எங்க பெரியம்மாவுக்காக பண்ண ஒரு பால் கணக்கு ஆப். அத எப்படி பண்ணேன், எங்கெல்லாம் சொதப்பினேன்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு ஸ்டெப்பா போறேன், நீங்க உங்க ப்ராஜெக்ட்டுக்கு மாத்திக்கோங்க.

ஸ்டெப் 1: நோட்டு எங்க இருக்குனு தேடுங்க

ப்ராஜெக்ட் ஐடியா வேணும்னு கூகுள்ல தேடாதீங்க, அங்க எல்லாருக்கும் ஒரே லிஸ்ட் தான் வரும். உங்க வீட்ட சுத்தி யார் கையில நோட்டும் கால்குலேட்டரும் இருக்குனு பாருங்க. டைலர் அக்கா அளவு எழுதற நோட்டு, டியூஷன் எடுக்கறவங்க ஃபீஸ் நோட்டு, கேபிள்காரர் கார்டு, கல்யாண வீட்டு மொய் நோட்டு. ஒரு நோட்டு இருந்தா அங்க ஒரு டேட்டாபேஸ் இருக்குனு அர்த்தம், அதுல ஒரு ஆளுக்கு மாசக்கடைசில தலைவலியும் இருக்கும்.

எங்க பெரியம்மா ரெண்டு மாடு வெச்சு தெருவுல 14 வீட்டுக்கு பால் ஊத்தறாங்க. மாசம் ஆனா ராத்திரி உக்காந்து கூட்டுவாங்க, ஒவ்வொரு மாசமும் யாரோ ஒரு வீட்ல 'அன்னிக்கு நாங்க ஊர்லயே இல்லியே, எப்படி பால் வாங்குனோம்?'னு ஒரு சண்டை.

ஆள் ஒருத்தர் நெஜமா யூஸ் பண்ணா போதும். நூறு பேர் வேண்டாம்.

ஸ்டெப் 2: கோடு அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட போய் நில்லுங்க

இத தான் எல்லாரும் விட்டுடறாங்க, நானும் விட்டேன். மொத நாளே லாகின் பேஜ், டேஷ்போர்டு, கலர் கலரா கிராஃப்னு ஒரு பெரிய பிளான் போட்டு ரெண்டு வாரம் லாகின் பேஜ்லயே ஓட்டிட்டேன். பெரியம்மாகிட்ட காமிச்சா, 'பாஸ்வேர்டெல்லாம் எனக்கு எங்க கண்ணு ஞாபகம் இருக்கும், கை பூரா பாலு'ன்னாங்க.

அதுக்கப்புறம் தான் அந்த நோட்ட ஒழுங்கா பாத்தேன். வீட்டுக்கு ஒரு பக்கம், காலை சாயங்காலம்னு ரெண்டு வரிசை, வழக்கமான அளவுன்னா வெறும் டிக், கூட கொறைய இருந்தா மட்டும் ½, ¼னு எழுத்து, பால் வேண்டாம்னா ஒரு கோடு. அதாவது பத்துல ஒம்பது தடவ அவங்களுக்கு டைப் பண்ண வேண்டிய வேலையே இல்ல, ஒரு டிக் தான். நான் அளவு, நேரம், விலைன்னு அஞ்சு பாக்ஸ் வெச்சு ஃபார்ம் பண்ணியிருந்தேன். நோட்டு என்னோட ஆப்ப விட வேகமா இருந்துச்சுங்க, அது தான் உண்மை.

அதனால அவங்க வேலை செய்யற நேரத்துல பக்கத்துல நின்னு பாருங்க, நோட்ட போட்டோ எடுத்துக்கோங்க, எதுக்கு இப்படி எழுதறீங்கன்னு கேளுங்க. ஒரு பேப்பர்ல ஸ்க்ரீன் வரைஞ்சு அவங்க விரல வெச்சு தொட சொல்லுங்க. அந்த பேப்பர தூக்கி போட்டுடாதீங்க, நோட்டோட போட்டோவும் பத்திரம், அது பின்னாடி ரீட்மீல (ப்ராஜெக்ட் என்னனு சொல்ற முகப்பு ஃபைல்) போகும்.

ஸ்டெப் 3: சின்னதா கட்டி, அன்னிக்கே நெட்ல ஏத்துங்க

மொத வெர்ஷன் வெறும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். டேட்டா பிரவுசரோட லோக்கல் ஸ்டோரேஜ்ல, அதாவது அந்த போன்லயே. ரியாக்ட் (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வேணுமான்னு கேப்பீங்க, வேலைக்கு கேக்கறாங்க தான், ஆனா வேணுங்கற எடம் வர்றப்ப மாத்துங்க, ஏன் மாத்துனோம்னு சொல்ல ஒரு காரணமும் கெடைக்கும்.

ஏத்தறதுக்கு, கோட சேத்து வெக்கற கிட்ஹப் சைட்டோட கிட்ஹப் பேஜஸ் போதும், காசு இல்ல, ஃப்ரீ அக்கவுண்ட்னா ரெப்போ (ப்ராஜெக்ட் கோட் இருக்கற ஃபோல்டர்) பப்ளிக்கா இருக்கணும் அவ்வளவு தான். நெட்லிஃபை, வெர்செல், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் எதுல வேணாலும் போடுங்க, இதுல ரொம்ப யோசிக்க ஒண்ணுமில்ல.

பேக்எண்ட் (சர்வர்ல ஓடற பகுதி) வந்தா தான் கவனமா இருக்கணும். பழைய வீடியோ எல்லாம் ஹெரோக்குல ஃப்ரீயா போடுங்கம்பாங்க, அந்த ஃப்ரீ பிளான் 2022 நவம்பரோட போயிடுச்சு. ரெண்டர்ல ஃப்ரீயா போடலாம், ஆனா 15 நிமிஷம் யாரும் வரலைன்னா சர்வர் தூங்கிடும், அடுத்து வர்றவங்களுக்கு எழுந்து வர கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆகும். ஹெச்ஆர் ஒரு நிமிஷமெல்லாம் சுத்தற வட்டத்த பாத்துக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க, டேப்ப மூடிட்டு போயிடுவாங்க. நெட்ல டேட்டாபேஸ் குடுக்கற சுபாபேஸோட ஃப்ரீ பிளான்ல ஒரு வாரம் யாரும் தொடலைன்னா ப்ராஜெக்ட்டயே நிறுத்தி வெச்சிடும். இதெல்லாம் தெரிஞ்சு எடுங்க. சர்வர் தூங்கும்னா லிங்க் பக்கத்துலயே 'மொத தடவ தொறக்க ஒரு நிமிஷம் ஆகலாம்'னு ஒரு வரி போடுங்க, கூட 30 செகண்ட் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஒண்ணு வைங்க.

ஸ்டெப் 4: உடையட்டும், அது தான் உங்க சொத்து

இங்க கொஞ்ச நேரம் நிக்கறேன், ஏன்னா எனக்கு வேலை கெடைச்சது இந்த பகுதியால தான்.

ஆப்ப குடுத்து ஒரு வாரம் ஆச்சு. பெரியம்மா போன் பண்ணி, 'ஏங்கண்ணு, நேத்து காலையில ரெண்டு தடவ பால் ஊத்துனதா காட்டுது, இன்னிக்கி ஊத்துனத காணோம்'னாங்க. நான் என் லேப்டாப்ல அடிச்சு பாத்தேன், சரியா இருக்கு. அவங்க ரெண்டு தடவ தட்டியிருப்பாங்கன்னு நெனச்சு விட்டுட்டேன். ரெண்டு நாள் ஒழுங்கா இருந்துச்சு, திரும்ப அதே கதை. ஒண்ணாம் தேதி ஊத்துன பால் போன மாச பில்லுல போய் ஏறிக்கிச்சு, ஒரு வீட்ல காசு விஷயத்துல பேச்சாயிடுச்சு, மானம் போச்சு.

என்ன நடந்துச்சுன்னா, நான் தேதிய எடுக்கறதுக்கு இப்பத்த நேரத்த டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் வசதியால எழுத்தா மாத்தி மொத பத்து எழுத்த வெட்டி வெச்சிருந்தேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோல பாதி பேர் சொல்ற வழி அது தான். ஆனா அது குடுக்கறது நம்ம ஊர் நேரம் இல்ல, யுடிசிங்கற உலகப் பொது நேரம். நம்மளோடது அதவிட அஞ்சரை மணி நேரம் முன்னாடி. காலையில 4:50க்கு பெரியம்மா தட்டுனா யுடிசில அப்ப முந்தின நாள் ராத்திரி 11:20 தான் ஆகியிருக்கும். அதாவது 5:30க்கு முன்னாடி தட்டுறது எல்லாமே நேத்து கணக்குல ஏறும், அவங்க கொஞ்சம் லேட்டா எழுந்து ஆறு மணிக்கு தட்டுன நாள்ல மட்டும் சரியா இருக்கும். நான் டெஸ்ட் பண்றது எப்ப? பத்து மணிக்கு டீ குடிச்சிட்டு. எப்படி கண்டுபிடிப்பேன்!

ஃபிக்ஸ் சின்னது தான். கெட்-ஃபுல்-இயர், கெட்-மந்த், கெட்-டேட் மூணும் போனோட லோக்கல் நேரத்துல இருந்து எடுக்கும், அத ஒட்டி தேதி ஆக்கினேன் (கெட்-மந்த் ஜனவரிய சைபர்ல இருந்து எண்ணும், ஒண்ணு கூட்ட மறந்துடாதீங்க, ஒத்தை நம்பருக்கு முன்னாடி சைபரும் வைங்க). அப்புறம் கம்ப்யூட்டர் கடிகாரத்த காலை 5 மணிக்கு மாத்தி வெச்சு டெஸ்ட் பண்ணேன். இப்ப என் டெஸ்ட் ஃபைல்ல 'காலை 5 மணி பால்'னே ஒரு டெஸ்ட் இருக்கு.

அடுத்தது விலை. பால் விலைய லிட்டருக்கு ரெண்டு ரூவா ஏத்துனாங்க, நான் செட்டிங்ஸ்ல மாத்தினேன், உடனே போன மூணு மாச பில்லும் சேர்ந்து ஏறிடுச்சு. ஏன்னா லிட்டர மட்டும் சேவ் பண்ணி, காட்டறப்ப இப்பத்த விலையால பெருக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு என்ட்ரியோடயும் அன்னிக்கு விலையையும் சேத்து வெக்கணும்னு அப்ப தான் புரிஞ்சுது. எந்த கோர்ஸ்லயும் இத ஒரு பாடமா யாரும் எனக்கு சொல்லல, பி.காம்ல பில் புக் பத்தி படிச்சவனுக்கு தோணியிருக்கணும், தோணல.

மூணாவது, பெரியம்மா மகன் 'போன் ஸ்லோவா இருக்கு'ன்னு பிரவுசர் டேட்டாவ க்ளியர் பண்ணிட்டான். லோக்கல் ஸ்டோரேஜ் மொத்தமா காலி. நல்ல வேளை, பழைய நோட்டுலயும் எழுதிட்டு தான் இருந்தாங்க (என்ன அவ்வளவா நம்பல போல). அப்ப தான் சுபாபேஸுக்கு மாத்தினேன். மாத்துனா ரோ லெவல் செக்யூரிட்டிய (டேபிள்ல எந்த வரிய யார் பாக்கலாம்ங்கற கட்டுப்பாடு) கண்டிப்பா ஆன் பண்ணி ரூல் எழுதுங்க, சுபாபேஸ் குடுக்கற பப்ளிக் கீ பிரவுசர்ல எல்லாருக்கும் தெரியும், ரூல் இல்லைன்னா உங்க டேபிள யார் வேணாலும் படிக்கலாம்.

இந்த மூணையும் நடந்த அன்னிக்கே ஒரு ஃபைல்ல தேதி போட்டு எழுதி வெச்சேன். நீங்களும் எழுதுங்க: என்ன உடைஞ்சுது, நான் என்ன நெனச்சேன், நெஜமா என்ன காரணம், எப்படி சரி பண்ணேன். நாலு வரி போதும், ஆனா அன்னிக்கே எழுதணும், அடுத்த மாசம் மறந்துடும்.

ஸ்டெப் 5: கிட்ஹப்ப சுத்தமா வைங்க

வேலை முடிஞ்சப்புறம் கோட் மொத்தத்தையும் ஒரே கமிட்ல (ஒரு தடவ சேவ் பண்ற மாற்றம்) தூக்கி போடாதீங்க. பாக்கறவங்களுக்கு எங்கயோ இருந்து காப்பி அடிச்ச மாதிரியே தெரியும். சின்ன சின்னதா கமிட், மெசேஜ்ல 'அப்டேட்', 'ஃபைனல்', 'ஃபைனல் 2'ன்னு இல்லாம என்ன மாத்துனீங்கன்னு. என்னோட ரெப்போல இன்டர்வியூ எடுத்தவர் நேரா போய் தொறந்தது அந்த டைம்சோன் ஃபிக்ஸ் கமிட்ட தான்.

ஏபிஐ கீ (வேற சர்வீஸ யூஸ் பண்ற சாவி), பாஸ்வேர்டு இதெல்லாம் என்வ் ஃபைல்ல வெச்சு, எதெல்லாம் ஏத்தக்கூடாதுன்னு சொல்ற கிட்இக்னோர் ஃபைல்ல சேருங்க, டவுன்லோட் ஆன லைப்ரரி இருக்கற நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரும் அப்படியே. தெரியாம ஒரு சீக்ரெட் கீய ஏத்திட்டா அடுத்த கமிட்ல அழிச்சா போதும்னு நெனைக்காதீங்க, ஹிஸ்டரில இருக்கும், அந்த கீய கேன்சல் பண்ணிட்டு புதுசு எடுக்கறது தான் வழி.

கமிட் பண்ண நாளுக்கு கிட்ஹப் ப்ரொஃபைல்ல வர்ற பச்சை கட்டம் வரலையேன்னு நெறைய பேர் கவலப்படறாங்க. கம்ப்யூட்டர்ல கிட் செட்டிங்ஸ்ல இருக்கற ஈமெயிலும் கிட்ஹப் அக்கவுண்ட்ல இருக்கறதும் வேற வேறயா இருந்தா அது எண்ணாது, அத மொதல்ல பாருங்க. மத்தபடி கட்டத்துக்காக தெனமும் ஒரு ஸ்பேஸ் சேத்து கமிட் பண்றதெல்லாம் வேண்டாத வேலை. ப்ரொஃபைல்ல ஆறு ரெப்போ வரைக்கும் பின் பண்ணலாம், ஆறையும் ரொப்பணும்னு கட்டாயம் இல்ல. நான் மூணு தான் வெச்சிருந்தேன், மத்த 11ஐ பிரைவேட் ஆக்கிட்டேன்.

ஸ்டெப் 6: ரீட்மீ எழுதறது

கோட யாரும் மொதல்ல படிக்க மாட்டாங்க, ரீட்மீய தான் படிப்பாங்க. ஆனா முக்காவாசி ரெப்போல ஃப்ரேம்வொர்க் தானா போட்டு குடுத்த அந்த டெம்ப்ளேட் ரீட்மீயே அப்படியே இருக்கும். என்னோடது எப்படி ஆரம்பிக்கும்னா:

'எங்க பெரியம்மா 14 வீட்டுக்கு பால் ஊத்தறாங்க. மாசக்கடைசில கணக்கு கூட்ட ரெண்டு மணி நேரம் ஆகும், அதுலயும் சண்டை வரும். இந்த ஆப்ல தெனமும் ஒரு டிக், மாசக்கடைசில வீட்டுக்கு ஒரு பில், வாட்ஸ்அப்ல அனுப்பலாம்.'

அதுக்கு கீழ லைவ் லிங்க், ஒரு போன் ஸ்க்ரீன்ஷாட், பழைய நோட்டோட போட்டோ (பேரெல்லாம் மறைச்சு). அடுத்து என்ன டெக்னாலஜி, எதுக்கு அது, ஒரு வரி. அடுத்து அந்த மூணு பக் (கோட்ல வந்த தப்பு) கதை. அடுத்து கம்ப்யூட்டர்ல எப்படி ஓட்டறது. கடைசியா இன்னும் சரியா வராதது என்ன. அந்த கடைசி பகுதிய எழுத பயப்படாதீங்க, தன்னோட ஆப்ல எது ஓட்டைன்னு தெரிஞ்சவன் தான் அத நெஜமா கட்டினவன்னு அவங்களுக்கு தெரியும். ஊருக்கு போனா பத்து நாள் சேர்த்து 'வேண்டாம்'னு போடற வசதி என் ஆப்ல ரொம்ப நாள் இல்ல, அத அப்படியே எழுதியிருந்தேன்.

இங்கிலீஷ்ல எழுதுங்க, கம்பெனில படிக்கறவங்க தமிழ் தெரிஞ்சவங்களா இருக்கணும்னு இல்ல. சின்ன சின்ன வாக்கியம் போதும், கிராமர் பயம் வேண்டாம். டெமோல நெஜ வீட்டுக்காரங்க பேர், போன் நம்பர் எதுவும் இருக்கக்கூடாது, டம்மி டேட்டா போட்ட தனி டெமோ வைங்க.

ஸ்டெப் 7: ரெண்டாவதும் மூணாவதும்

மொத்தம் மூணு போதும். ஒண்ணு யாரோ யூஸ் பண்றது. ரெண்டாவது, சின்னதா இருந்தாலும் ஒரு விஷயத்த ஆழமா தோண்டினது. நான் பண்ணது தமிழ் எழுத்து எண்ணுற ஒரு பக்கம். ஜாவாஸ்கிரிப்ட்ல 'தமிழ்'ங்கற சொல்லோட லெங்த் கேட்டு பாருங்க, 5னு சொல்லும். நமக்கு மூணு எழுத்து. ஏன்னா யூனிகோடுல ம வேற, அதுக்கு மேல போடற இகர கொக்கி வேற, ழ வேற, புள்ளி வேற. பிரவுசர்லயே இருக்கற இன்ட்ல் செக்மென்டர்ங்கற வசதி இத மூணா பிரிச்சு குடுக்கும். சரி முடிஞ்சுதுன்னு பாத்தா 'க்ஷ' ஒரு எழுத்தா ரெண்டான்னு அடுத்த கேள்வி, அத நீங்க தான் முடிவு பண்ணணும். ஒரு பக்க ஆப் தான், ஆனா இத பத்தி அரைமணி நேரம் பேசலாம்.

மூணாவது அடுத்தவங்க கோட்ல கை வெச்சது. ஓப்பன் சோர்ஸ்னா (எல்லாரும் பாத்து மாத்தறதுக்கு தொறந்து வெச்ச கோட்) பெருசா ஃபீச்சர் எழுதணும்னு இல்ல, டாக்குமென்ட்ல இருக்கற தப்பு, தமிழ் மொழிபெயர்ப்பு, பக் ஒண்ண சரியா ரிப்போர்ட் பண்றது, இதுல ஆரம்பிங்க. வெறும் ஸ்பெல்லிங் மாத்தி பத்து இடத்துல புல் ரெக்வெஸ்ட் (என் மாற்றத்த சேத்துக்கோங்கன்னு கேக்கறது) அனுப்பறத மட்டும் பண்ணாதீங்க, பராமரிக்கறவங்களுக்கு எரிச்சல்.

ஸ்டெப் 8: போர்ட்ஃபோலியோ சைட்

பாருங்க, இவ்வளவு தூரம் வந்தப்புறம் தான் சைட்டுக்கே வர்றேன். பல பேர் இதுல தான் ஆரம்பிச்சு, மூணு மாசம் அனிமேஷன் பண்ணிட்டு, உள்ள போட ஒண்ணுமில்லாம நிப்பாங்க.

ஒரே பக்கம். மேல பேர், என்ன வேலை தேடறீங்கன்னு ஒரு வரி. கீழ மூணு ப்ராஜெக்ட், ஒவ்வொண்ணுக்கும் ஸ்க்ரீன்ஷாட், ரெண்டு வரி, லைவ் லிங்க், கோட் லிங்க். கடைசில ஈமெயில், கிட்ஹப், லிங்க்ட்இன். 'ஹெச்டிஎம்எல் 90 சதவீதம், சிஎஸ்எஸ் 85 சதவீதம்'னு அந்த பட்டை போடறத தயவுசெஞ்சு விட்டுடுங்க, மீதி 10 சதவீதம் என்னனு கேட்டா என்ன சொல்லுவீங்க?

குரோம்லயே இருக்கற லைட்ஹவுஸ்ங்கற சோதனை டூல ஓட்டி பாருங்க. பெரிய படமோ பெரிய எழுத்தோ ரெண்டரை செகண்டுக்குள்ள வரணும்னு கூகுள் சொல்ற அளவு. என்னோடது எட்டு செகண்ட் ஆச்சு, காரணம் போன்ல எடுத்த என் மூஞ்சி 4 எம்பில அப்படியே உக்காந்திருந்துச்சு. வெப்-பி (WebP) படமா மாத்தி அளவ கொறைச்சதும் தீந்துச்சு. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5க்கு 1 இருக்கணும், லேசான சாம்பல் கலர்ல எழுதற ஃபேஷனுக்கு போகாதீங்க. தமிழ்ல எழுதற பக்கம்னா லைன் ஹைட்ட கொஞ்சம் தாராளமா வைங்க, இல்லைன்னா மேல கொக்கியும் கீழ சுழியும் இடிச்சுக்கும். 'வாடிக்கையாளர்கள்'னு பட்டன்ல போட்டு சின்ன போன்ல பாருங்க, உங்க டிசைன் எவ்வளவு தாங்குதுன்னு தெரிஞ்சிடும்.

ஸ்டெப் 9: அனுப்பறதும் பேசறதும்

ரெஸ்யூமே ஒரு பக்கம், பிடிஎஃப், லிங்க் எல்லாம் கிளிக் பண்ணா தொறக்கணும். டிகிரி ஃபில்டர் போடற பெரிய கம்பெனில தலைய முட்டிக்கறத விட சின்ன கம்பெனி, ஏஜென்சி, ஸ்டார்ட்அப்ல ஆள நேரா தேடி எழுதுங்க. 'வேலை இருக்கா சார்'னு மட்டும் எழுதாம அவங்க சைட்ட பாத்துட்டு ஒரு வரி, உங்க ப்ராஜெக்ட் பத்தி ரெண்டு வரி, லிங்க். எனக்கு பதில் வந்தது ரொம்ப கம்மி தான், பொய் சொல்லல, ஆனா வந்த பதில் எல்லாமே இப்படி எழுதினதுக்கு தான்.

இன்டர்வியூல கோட தொறந்து 'இந்த வரி எதுக்கு, இத இப்படி மாத்துங்க'ம்பாங்க. சாட்ஜிபிடிகிட்ட கேட்டு எழுதறது தப்பில்ல, நானும் கேக்கறேன், ஆனா உங்க ரெப்போல உங்களால விளக்க முடியாத ஒரு வரி கூட இருக்கக்கூடாது. போறதுக்கு முந்தின நாள் வீட்ல யாரையாவது உக்கார வெச்சு பக் கதைய சத்தமா சொல்லி பாருங்க. நான் அம்மாகிட்ட தான் சொன்னேன், அவங்களுக்கு யுடிசி புரியல, ஆனா 'அப்ப உங்க பெரியம்மா மேல தப்பில்லையா?'ன்னு கேட்டாங்க. கதை புரிஞ்சிடுச்சு.

வேலை தேடற வரைக்கும் மாசம் ஒண்ணாம் தேதி எல்லா லிங்கையும் வேற ஒருத்தர் போன்ல, இன்காக்னிட்டோல தொறந்து பாத்துடுங்க. எனக்கு அந்த செக்கிங் வேலைய பெரியம்மாவே பண்ணிடறாங்க, போன வாரம் கூட போன் வந்துச்சு, கால் லிட்டர் பட்டன் சின்னதா இருக்காம், பால் கையோட தட்டுனா அர லிட்டர்ல போய் விழுதாம். இன்னிக்கி ராத்திரி அத பெருசாக்கணும்.